நட்ட பல்லும் ஏன் டொக்டரும்

அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் மொத்தம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதில் முதல் சொல்லைக் கற்றுக்கொடுத்தவன் நான். ஆகவே பின்னால் நடந்ததில் பாதிப் பழி என்னுடையது.

பதுளையைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், எதுவென்று சொல்லப்போவதில்லை, பல் கிளினிக்கில் நான் சிற்றூழியன். துண்டுச் சீட்டுக்கு நம்பர் போடுவது, கருவிகளைக் கழுவுவது, வரிசையில் சண்டை வராமல் பார்ப்பது என் வேலை. இதற்கெல்லாம் மேலே மொழிபெயர்ப்பு. அந்த வேலைக்கு என்னை யாரும் நியமிக்கவில்லை. அப்பாவுக்குப் பதுளை பஜாரில் புடவைக்கடை. அங்கே துணி மடித்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வருகிற டொக்டர்மார் சிங்களவர்கள், வருகிற நோயாளிகளில் பெரும்பாதி தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். நடுவில் நான் நின்றேன். அந்த இடத்தில் நிற்பவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். எனக்கு நிறையவே வந்திருந்தது.

புதிதாக வரும் டொக்டர்மார் முதல் நாள் என்னிடம் கேட்பது, 'வாயைத் திற' என்பதற்குத் தமிழில் என்ன என்று. அடுத்தது 'துப்பு'. அதோடு அவர்களின் தமிழ்ப் படிப்பு முடிந்துவிடும். மாத்தறைப் பக்கமிருந்து வந்த இந்த அம்மா, முப்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "அய்யா, எதற்காக என்று கேட்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?" என்று கேட்டார்.

"ஏன்" என்றேன்.

"ஏன். ஏன். ஏன்" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அவர் என்னை 'அய்யா' என்று கூப்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன். சிங்களத்தில் அது அண்ணன். வரிசையில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கு அது தெரியாது. டொக்டரே இந்த ஆளை ஐயா என்கிறாரே என்று, நான் வெளியே வந்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை. இரண்டாவது சொல்லாகப் 'பல்' என்பதைச் சொல்லிக் கொடுத்தபோது டொக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிங்களத்தில் 'பல்' என்றால் அழுகிப்போனது. "உங்கள் ஆட்கள் பெயர் வைக்கும்போதே முடிவையும் எழுதிவிட்டார்கள், அய்யா" என்றார்.

எதைப் பார்த்தாலும் அவருக்குக் கேள்வி வரும். என் நெற்றியில் திருநீறு ஏன் மூன்று கோடு, நான்கு ஏன் இல்லை? உளுந்து வடைக்கு ஏன் ஓட்டை? ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஆட்களுக்கும் கொஸ்லந்த ஆட்களுக்கும் பல்லில் காவி ஏன் வேறு வேறு நிறம்? வடைக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. நடு வேக வேண்டுமல்லவா? அதைக் கேட்டுவிட்டுப் பரீட்சையில் பாஸ் செய்த பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். மற்றவற்றுக்கு நான் தலையைச் சொறிந்தேன். இத்தனை வருடம் நெற்றியில் பூசிக்கொண்டு அலைகிறவன் ஒரு நாளாவது யோசித்ததில்லையே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வாய் என்றால் அவருக்கு ஒரு கதை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தாக வேண்டும். மற்ற டொக்டர்மார் காலையில் நாற்பது பேரைப் பார்த்தால் இவர் பதினெட்டுப் பேரைப் பார்ப்பார். மிச்சப் பேரிடம் ஏச்சு வாங்குவது நான்.

ஆனால் அவருடைய 'ஏன்' நோயாளிகளின் காதில் வேறு மாதிரி விழுந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனால் கங்காணி கேட்பது 'ஏன்'. கொழுந்து நிறை குறைந்தால் கேட்பது 'ஏன்'. பள்ளிக்கூடத்தில் சப்பாத்து இல்லாமல் போனாலும் அதே 'ஏன்'. பதில் தெரிந்துகொள்ள ஒருவரும் அந்தச் சொல்லை அவர்களிடம் சொன்னதில்லை. அந்தச் சொல் கேட்டால் தலை குனிய வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த இலக்கணம்.

ஒரு நாள் ஐம்பது வயதுக் கொழுந்துக்காரி ஒருத்தி வந்தாள். முன்பல்லில் அரத்தால் ராவியது போல ஒரு வெட்டு. டொக்டர் வாய்க்கண்ணாடியை வைத்து அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, ஆசையோடு, "ஏன்?" என்றார்.

அந்த அம்மா நாற்காலியிலேயே பாதி எழுந்துவிட்டாள். "தெரியாம பண்ணிட்டேங்க, டொக்டரம்மா. மன்னிச்சுக்கங்க."

"என்ன சொல்கிறார்?"

"தெரியாதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டரின் முகம் வாடிப்போனது. இங்கே வந்த இரண்டு வருடத்தில் அவர் காதில் அதிகம் விழுந்த தமிழ் வாக்கியம் 'தெரியாம பண்ணிட்டேங்க' என்பதுதான். எல்லாருக்கும் எதுவுமே தெரியவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அவருக்குப் பெயரே விழுந்துவிட்டது: ஏன் டொக்டர். "ஏன் டொக்டரம்மா இருக்காங்களா? அப்ப நாளைக்கு வர்றேங்க" என்று வாசலிலேயே திரும்பியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. வேலை சுமுகமாக ஓடினால் போதும் என்று, அவர் சிங்களத்தில் கேட்கும் 'ஏன்'களை நான் மென்று விழுங்கிவிடுவேன். "ஏன் முன்பே வரவில்லை?" என்று அவர் கேட்டால், "எப்பருந்து வலிக்குது?" என்று நான் கேட்பேன். "மூணு மாசமாங்க" என்று பதில் வரும். "அய்யா, நான் காரணம் கேட்டால் இவர்கள் காலம் சொல்கிறார்களே" என்று அவர் குழம்புவார். நான் மேலே பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் மடுல்சீமைத் தோட்டம் ஒன்றிலிருந்து செல்வராணி வந்தாள். பத்தொன்பது வயது. தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்று வளர்க்கும் வேலை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வலது பக்கம் கீழே பெரிய கடவாய்ப்பல் சொத்தை அரித்து ஓடாகக் கிடந்தது.

"புடுங்கி விட்ருங்க" என்று உட்காரும்போதே சொன்னாள்.

இடது பக்கம் ஏற்கெனவே இரண்டு கடவாய்ப்பற்கள் இல்லை. பதினைந்து வயதில் ஒன்று, பதினேழில் ஒன்று. "இதையும் எடுத்தால் எந்தப் பக்கத்தால் மெல்லுவாய்?" என்று டொக்டர் கேட்டதை நான் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன்.

"ரொட்டிய டீயில ஊறவச்சு முழுங்க வேண்டியதுதாங்க. எங்க அப்பாயி அப்புடித்தான் திங்கும். அதுக்கு எழுவது வயசு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வலது பக்கத்துக் கடைசியில், ஈறுக்குள் பாதி மறைந்து, ஒரு ஞானப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. அந்த வயதில் அதற்கு வேர் முக்கால்வாசிதான் வளர்ந்திருக்கும், நுனி மூடியிருக்காது. அப்படிப்பட்ட பல்லை அலுங்காமல் எடுத்து, கெட்டுப்போன பல்லைப் பிடுங்கிய குழியிலேயே வைத்தால், அது அங்கே பிடித்துக்கொண்டு மிச்ச வேரையும் வளர்த்துக்கொள்ளக்கூடும். அவளுடைய பல்லே அவளுடைய இன்னொரு பல்லின் இடத்துக்குப் போகும். பிடிக்காமலும் போகலாம். எனக்கு இதையெல்லாம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "அய்யா, இவளுக்கு நன்றாகப் புரியவையுங்கள்."

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம். அவர் சொன்ன சிங்களச் சொல்லுக்கு நேரே தமிழில் என்ன சொல்வது? இடமாற்றம் என்றால் ஏதோ கிளார்க்கைப் பண்டாரவளைக்குத் தூக்கியடித்த மாதிரி இருக்கிறது. மாற்றி வைப்பது என்றால் வேறு யாருடைய பல்லோ என்று பயப்படுவாள். கன்று வளர்க்கிற பிள்ளைதானே என்று எனக்குப் பளிச்சென்று ஒரு சொல் வந்தது.

"ஒன்னோட ஞானப்பல்லை எடுத்து இந்தக் குழியில நட்டிருவாங்கம்மா. வேர் புடிச்சிரும்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நடுறதா? அப்ப சரிங்கய்யா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஞானம் கொறஞ்சிராதுங்களா?" என்றும் கேட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு அரை மணி நேரம்தான், நான் அறிய, டொக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது. பழுதான பல்லைத் துண்டு துண்டாக எடுத்தார். குழியைக் கழுவினார். பிறகு ஞானப்பல்லை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். தலையை மட்டும்தான் பிடித்தார். வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று இருக்குமாம். அதில்தான் உயிர் இருக்கிறது, அது காயக்கூடாது, கை படக்கூடாது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முழுதாக ஆகவில்லை, பல் புதுக் குழிக்குள் போய்விட்டது. மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டார். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

இரண்டு வாரம் கஞ்சி, அந்தப் பக்கம் மெல்லவே கூடாது, உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். எல்லாம் சொல்லி அனுப்பினோம்.

முதல் வாரம் வந்தாள். வலது கன்னத்தை மறைத்துத் துண்டு கட்டியிருந்தாள். வீக்கத்துக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஈறு சிவந்திருந்தது. பல் இருக்க வேண்டியதைவிடக் கூட ஆடியது. டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஏன்?"

"நான் ஒன்னும் பண்ணலைங்க" என்றாள் அவள், உடனே.

இரண்டாவது வாரம் இன்னும் ஆட்டம். ஓரத்தில் புண். "ஏன்?" என்றார் டொக்டர். இந்த முறை குரலில் கவலை இருந்தது. கவலையும் கோபமும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். செல்வராணி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டு, "தெரியாம பண்ணிட்டேங்க" என்றாள். என்ன பண்ணினாள் என்று சொல்லவில்லை. டொக்டர் கையுறையைக் கழற்றினார். "இப்படியே போனால் அடுத்த வாரம் இதை எடுத்துவிட வேண்டியதுதான், அய்யா. சொல்லுங்கள்." சொன்னேன். அவள் அழுதாள், சத்தமில்லாமல். அந்தப் பக்கமும் போனால் அவளுக்கு மெல்லுவதற்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சீட்டில் அடுத்த திகதி எழுதி எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வலது கைக் கட்டைவிரலை வாய்க்குள் விட்டிருந்தாள். நகக்கண்ணில் நர்சரி மண் இன்னும் கறுப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரே அழுத்தாக அந்தப் பல்லைச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். "இறுக்குறேங்கய்யா."

"இறுக்குறியா?"

"கன்னு நட்டா சுத்தி மண்ண கட்டவெரலால நல்லா இறுக்கணும்ல? இல்லாட்டி உள்ள காத்து நின்னு வேரு காஞ்சு போயிரும். காலையில ஒருக்கா, அந்தியில ஒருக்கா இறுக்குறேன். வெயிலும் படாம துண்டு கட்டியிருக்கேன். அப்புடியும் ஆடுதுங்கய்யா." கண்ணைத் துடைத்தாள். "நீங்கதானே சொன்னீங்க, நட்டிருக்குன்னு."

அந்தப் பிள்ளை ஒரு தவறும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைத் திருத்தமாகச் செய்திருக்கிறாள். நான் கொடுத்த ஒரு சொல்லை, அதன் வேரடி மண்ணோடு, அப்படியே நம்பியிருக்கிறாள்.

உள்ளே போகாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை. அவளிடம் மட்டும் இனி அழுத்தாதே என்று சொல்லி அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும், என் பெயரும் கெடாது. ஆனால் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. டொக்டருக்குக் காரணம் தெரியாமல் அதைக் காப்பாற்ற முடியாது. போய்ச் சொன்னேன். நட்டது, இறுக்கியது, துண்டு கட்டியது, எல்லாம்.

ஏச்சை எதிர்பார்த்து நின்றேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "ஏன் இறுக்க வேண்டுமாம்?" என்றார். காற்று நிற்கக்கூடாது என்று சொன்னேன். "அய்யா, எங்கள் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது! வேருக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி கூடாது. இறுக்குகிற வேலையை உடம்பு பார்த்துக்கொள்ளும், விரல் வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "நான் இரண்டு தரம் ஏன் என்று கேட்டேனே. ஏன் சொல்லவில்லை?"

இரண்டு வருடமாக விழுங்கியதை அன்றைக்குத்தான் துப்பினேன். "டொக்டர், அவர்கள் காதில் அது கேள்வி இல்லை" என்றேன். கங்காணியையும் பெரட்டையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். லயத்தில் அவருக்கு விழுந்த பெயரையும் சொல்லிவிட்டேன். நான் பேசப் பேச அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அப்படியானால் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது" என்றார் கடைசியில். "எல்லாருக்கும்." அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்பதென்றால் என்ன சொல்வீர்கள்?" என்றார்.

யோசித்தேன். "சும்மா" என்றேன். "சும்மாதான் கேக்குறேன் என்போம்."

வெளியே வந்து, வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, வாங்கில் செல்வராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சும்மா ஏன்?" என்றார்.

அது தமிழே அல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கன்றுப் பையைக் கிழிப்பது, வேரடி மண் உதிராமல் எடுப்பது, குழியின் ஆழம் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் கேட்ட கேள்விகளுக்கு நான் ஒன்றைக்கூட விழுங்காமல் மொழிபெயர்த்தேன். வாய் வலித்தது. அன்றே பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி, அந்தப் பல்லை அசையாமல் கட்டினார். "இது காற்றுக்குச் சாயாமல் கட்டுகிற குச்சி என்று சொல்லுங்கள், அய்யா" என்றார். எனக்கு முன்னாலேயே அவருக்கு அந்தச் சொல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கிளினிக் ஒரு நாளும் நேரத்துக்கு மூடவில்லை. வாய் திறந்தவர்கள் மூட மறுத்தார்கள். முன்பல்லில் வெட்டு விழுந்த அந்த அம்மா மறுபடி வந்தபோது, 'சும்மா ஏன்' கேட்டதும், "மழையில கூடைக் கயிறு நனைஞ்சா முடிச்சு விழாதுங்க, பல்லால கடிச்சுத்தான் இழுப்பேன், முப்பது வருசமா" என்று பல்லால் இழுத்தும் காட்டினாள். எனக்குப் பசி. டொக்டருக்கோ அவள் எந்தப் பக்கமாக இழுக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும்.

செல்வராணி கடைசியாக வந்தது ஒரு வருடம் கழித்து. எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துக் காட்டினார் டொக்டர். முன்பு திறந்திருந்த வேர் நுனி நீண்டு, கூர்ந்து, மூடியிருந்தது. வாய்க்கண்ணாடியின் பிடியால் பல்லை இரண்டு தட்டுத் தட்டினார். "கேளுங்கள் அய்யா. எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் கிண்ணென்று கேட்கும். இது டொக்கென்கிறது. உயிரோடு இருக்கிற சத்தம்." கேட்டேன். இன்னொரு தரம் தட்டச் சொல்லிக் கேட்டேன்.

"இன்றைக்கு என்ன சாப்பிட்டாளாம்?"

"ரொட்டிங்க. கட்டச் சம்பலோட. ரெண்டு" என்றாள் செல்வராணி.

எழுந்தவள் போகவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், நேராக டொக்டரைப் பார்த்து, "ஏன் டொக்டரம்மா?" என்றாள்.

அது பட்டப்பெயர் இல்லை. கேள்வி. "புடுங்கிட்டு அனுப்பியிருக்கலாம்ல? இத்தன பேரு வெளிய நிக்கிறாங்க. என் ஒத்தப் பல்லுக்கு ஏன் இந்தப் பாடு?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். டொக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். மிச்சம் புரிந்ததோ இல்லையோ, அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு, நோயாளிகள் நிற்பதுபோலவே தலையைக் குனிந்து, சுத்தமான தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"தெரியாம பண்ணிட்டேங்க."

செல்வராணி கையால் பொத்தாமல், வாய் முழுக்கத் திறந்து சிரித்தாள். உள்ளே வலது பக்கம், கீழே, நட்ட பல் தெரிந்தது.